தொப்புள்கொடிக்கு மாதத் தவணை

கட்டிடு ராசா, தாராளமா கட்டிடு. வீட்டுக்குத் தவணை கட்டுற, காருக்குக் கட்டுற, ராத்திரி நீ தூங்குனியா இல்லியான்னு காலையில உனக்கே சேதி சொல்ற அந்த மணிக்கட்டுக் கடிகாரத்துக்கும் கட்டுற. பொறக்கப் போற புள்ளையோட தொப்புள்கொடிக்கு மட்டும் கட்டாம விட்டா ஓ.எம்.ஆர்.ல உனக்கு இன்னா மரியாதை? எங்க காலத்துல நஞ்சும் கொடியும் விழுந்தா கொல்லையில குழி தோண்டிப் புதைப்போம். உன் அப்பன் கொடியும் அப்படித்தான் போச்சு. அந்தக் கொல்லை இப்ப ஒரு கம்பெனிக்காரன் கார் நிறுத்துற இடம். நிலத்தை வித்தோமே தவிர கொடியை விக்கலியே, அதுக்குத் தனியா வாடகை கேக்கலாமான்னு வக்கீலைப் பாக்கணும்.

கொடி ரத்தத்தைப் பூட்டி வெக்கிற பேங்க்லேர்ந்து வந்த அந்தத் தம்பி நல்லாத்தான் பேசினான். டை கட்டிக்கிட்டு, செருப்பைக் கழட்டி வெச்சிட்டு, என் காலைக்கூடத் தொட்டான். வளைகாப்புக்கு அய்யர் நாள் குறிக்கிறதுக்கு முன்னாடியே அவனுக்கு உம் பொண்டாட்டி ஸ்கேன் தேதி தெரிஞ்சிருக்கு பாரு, அங்கதான் எனக்கு அவன்மேல பிரியம் வந்துச்சு. கொடி ரத்தத்தை மைனஸ் 196 டிகிரியில திரவ நைட்ரஜன்ல வெப்பாங்களாம். நாளைக்குப் புள்ளைக்கு ஒண்ணுன்னா அதுலேர்ந்து எடுத்து ஈரலு, மூளை, முட்டி எல்லாம் வளர்த்துக் குடுத்துடுவாங்களாம். "எடுத்தா, எத்தினி பேருக்குக் குடுத்திருக்கீங்க தம்பி?"ன்னு கேட்டேன். தண்ணி குடிச்சான்.

குளிர்ல வெக்கிறது நெசம். அந்த ரத்தத்துல ரத்தம் ஊற வைக்கிற ஸ்டெம் செல் இருக்குங்கறதும் நெசம். 1988-ல பாரிஸ்ல எலியான் குளூக்மன்னு ஒரு டாக்டரம்மா, ரத்தம் ஊறாத ஒரு பையனுக்கு, அப்பத்தான் பொறந்த அவன் தங்கச்சியோட கொடி ரத்தத்தை ஏத்திப் பொழைக்க வெச்சாங்க. உலகத்துல மொதல் தடவை. இதுல ஒரு விஷயத்தை அந்தத் தம்பி மென்னு முழுங்கிட்டான். பொழைச்சது தங்கச்சி கொடியில. அவன் கொடியில இல்ல. தலசீமியா மாதிரி பொறப்புலயே வர்ற கோளாறுன்னா அது கொடி ரத்தத்துலயும் சேர்ந்துதான் இருக்கும். அதையே எடுத்து அதே புள்ளைக்கு ஏத்தினா வியாதியை வட்டியோட திருப்பிக் குடுத்ததாத்தான் ஆவும். ரத்தப் புத்துநோயிலயும் பெரும்பாலும் அதே வம்பு. இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 2018-ல சொல்லியிருக்கு: தன் கொடி ரத்தம் தனக்கே உதவ வாய்ப்பு 2,500 பேர்ல ஒருத்தன்லேர்ந்து 2 லட்சம் பேர்ல ஒருத்தன் வரைக்கும். லாட்டரியை அரசாங்கம் ஒழிச்சிடுச்சுன்னு நெனைச்சிட்டிருந்தேன்.

வீட்டுல ஏற்கெனவே ஒரு புள்ளைக்கு அந்த மாதிரி வியாதி இருந்து, அடுத்தது பொறக்கப்போகுதுன்னா கதை வேற. அப்ப பூட்டி வெக்கிறதுல அர்த்தம் இருக்கு, டாக்டருங்களே சொல்லுவாங்க. உங்களுக்கு இதுதான் தலைச்சன்.

மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐ.சி.எம்.ஆர். 2017-ல போட்ட விதியைப் படிச்சா இன்னும் வேடிக்கை. காசு வாங்கிக்கிட்டு பேங்க் நடத்த கொடி ரத்தம் ஒண்ணுக்குத்தான் அனுமதி. கொடிச் சதை, நஞ்சு, விழுந்த பல்லு, இதெல்லாம் கூடாதுன்னு போட்டிருக்கு. பல்லைக்கூட ஒருத்தன் பூட்டி வெக்கப் பாத்திருக்கான், இல்லாட்டி அவங்க ஏன் எழுதப் போறாங்க? நான் கூரைமேல தூக்கிப் போட்ட பல்லையெல்லாம் சேர்த்திருந்தா இன்னிக்கு ஒரு வங்கி மேனேஜர்.

இரு, எந்திரிக்காத. கிழவன் விஞ்ஞானத்தைத் திட்டுறான்னு உம் பொண்டாட்டிகிட்ட போய்ச் சொல்லிடாத. எனக்கு ஆத்திரமெல்லாம் விக்கிறவன்மேலதான். வளர்க்கிறவங்க இருக்காங்களே, அவங்க வேற சாதி. நம்ம மாடியில குடியிருக்குதே அந்த ஆராய்ச்சிப் பொண்ணு, அதைப் பாத்தியா? ஞாயித்துக்கெழமை காலையில ஓடுது. பொங்கலன்னிக்கு, பானை பொங்குறதுக்குள்ள, "தாத்தா, செல்லுக்குச் சாப்பாடு மாத்தணும், வந்துடறேன்"னு போச்சு. மாட்டுப் பொங்கலுக்கு நான் மாட்டுக்குச் சோறு ஊட்டினது மாதிரியேதான், இன்னா, அது ஊட்டுறது கண்ணுக்குத் தெரியாத ஜீவனுக்கு.

ஒருநாள் போன்ல படம் காட்டுச்சு. உள்ளங்கை அகலத்துல ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதுல ரோஸ் கலர் தண்ணி. அதுக்குப் பேரு மீடியா. உப்பு, சர்க்கரை, வைட்டமினு எல்லாம் கரைச்சது. செல்லுங்க தின்னு கழிச்சா தண்ணி புளிச்சுப்போயி மஞ்சளா மாறும். மாறினா ஊத்திட்டுப் புதுசு விடணும். வெச்சிருக்கிற பெட்டி நம்ம உடம்புச் சூடு, 37 டிகிரி, உள்ள 5 சதம் கரிக்காத்து. கன்னுக்குட்டி வயித்துல இருக்கிறப்பவே எடுத்த ரத்தத்தோட தெளிவையும் அந்தத் தண்ணியில கலக்குவாங்களாம். மைலாப்பூர் மாமி ஒருத்தர்கிட்ட இதைச் சொன்னேன், மூணு நாள் என்னோட பேசல. வளர்த்த செல்லை மனுஷன் கண்ணுல வெக்கப்போறதுன்னா அதைத் தவிர்த்து, அந்த நோயாளி ரத்தத்துலேர்ந்தே தெளிவு எடுத்து ஊத்துறதும் உண்டுன்னு சொன்னப்பத்தான் காப்பி குடுத்தாங்க.

இன்னொரு நாள் சாயந்திரம் அந்தப் பொண்ணு படியில உக்காந்துட்டு இருந்துச்சு. இன்னாம்மான்னா, "கன்டாமினேஷன் தாத்தா. எல்லாம் போச்சு." தட்டுல பூஞ்சணம் பூத்திருச்சாம். யாரோ கையை மூக்குல வெச்சிட்டு அப்படியே தொட்டிருப்பான். ரெண்டு வாரப் பாடு கழுவி ஊத்தியாச்சு. அது அழுததை நான் பாத்தேன். தவணை விக்கிற தம்பி எவனும் இப்படி அழுது நான் பாத்ததில்ல.

சரி, வளர்த்து நட்டு வெள்ளாமை கண்டது எங்கன்னு கேளு. கண்ணுல.

இந்த வெத்தலைப் பெட்டியைப் பாரு. இதுல நம்ம வீட்டுலயே பெரிய எமன் சுண்ணாம்பு. பிளாஸ்டிக் பொட்டலத்துல விக்கிறான் பாரு, அதைச் சின்னப் புள்ளைங்க கையில வெச்சு நசுக்கும், வெடிச்சு நேரா கண்ணுல அடிக்கும். நம்ம நாட்டுல புள்ளைங்களுக்குக் கண்ணு வேகுறதுக்கு இது ஒரு பெரிய காரணம். கருவிழிக்கும் வெள்ளை விழிக்கும் நடுவுல சுத்திவர ஒரு வரப்பு இருக்கு. லிம்பஸ்ங்கறாங்க. அந்த வரப்புலதான் விதை செல்லுங்க குடியிருக்கு. கருவிழி மேல்தோல் தெனம் தேயும், தெனம் அந்த வரப்புலேர்ந்து புதுசு நகர்ந்து வந்து மூடும். சுண்ணாம்பு பட்டு வரப்பு வெந்துட்டா, வெள்ளைப் பக்கத்துத் தோலு ரத்தக் குழாயோட படர்ந்து வந்து கருவிழியை மூடிடும். கோரை ஏறின கழனி கணக்கா. செத்தவங்க தானம் குடுத்த கருவிழியை மட்டும் எடுத்து ஒட்டினாலும் நிக்காது. வரப்பு இல்லாம வயல் ஏது?

அதனால இன்னா பண்ணாங்க? நாத்தங்கால் போட்டாங்க. கெடாத கண்ணோட வரப்புலேர்ந்து ரெண்டு மில்லிமீட்டர் கிள்ளி எடுத்து, தட்டுல வெச்சு வளர்த்து, பத்துப் பதினாலு நாள்ல பாயா விரிஞ்சதும் தூக்கிக் கெட்ட கண்ணுல நடவு. இந்த வித்தையோட பாட்டன் அமெரிக்காவுல ஹோவர்ட் கிரீன். 1975-ல அவரும் ரைன்வால்டும் மனுஷத் தோலை எலி செல்லுங்க மேல வளர்த்துக் காட்டினாங்க. 1983-ல பாஸ்டன்ல உடம்பு பூரா வெந்து கிடந்த ரெண்டு சின்னப் பசங்களுக்கு, அவங்க தோல் துணுக்கையே வளர்த்துப் போர்த்தினாங்க. இத்தாலியில கிராசியெல்லா பெல்லெக்ரினி, மிக்கேல் தெ லூக்கா ரெண்டு பேரும் 1997-ல கண்ணுக்குச் செஞ்சாங்க. அதே தெ லூக்கா கூட்டம், தொட்டாலே தோலுரியற வியாதியில சாகக் கிடந்த ஏழு வயசுப் பையனுக்கு, 2015-ல ஜெர்மனியில, பழுது நீக்கின அவன் செல்லையே வளர்த்து உடம்புல 80 சதம் புதுத் தோல் போட்டாங்க. அந்தப் பையன் அப்புறம் பள்ளிக்கூடம் போனான். இதையெல்லாம் எவனும் கதவைத் தட்டி விக்கல.

இங்க மட்டும் இன்னா கொறைச்சல்? நம்ம 'மனோகரா' எடுத்த எல்.வி. பிரசாத் பேர்ல ஐதராபாத்துல ஒரு கண் ஆஸ்பத்திரி இருக்கு. அங்க விரேந்தர் சங்வான், கீதா வெமுகண்டி இவங்கெல்லாம் 2001-லயே நாத்தங்கால் போட்டாங்க. நாத்தங்காலுக்குப் படுகை எது தெரியுமா? பனிக்குடச் சவ்வு. பிரசவத்துல வெளிய வர்ற அந்தப் பனிக்குடத்தைத்தான், தாய்க்கு நோய் நொடி இல்லேன்னு சோதிச்சு, தானமா வாங்கிச் சுத்தம் பண்ணி விரிக்கிறாங்க. 200 பேர் கணக்கை 2011-ல பத்திரிகையில போட்டாங்க, 71 சதம் பேருக்குப் பிடிச்சிருக்கு. மிச்சம் 29-ஐயும் மறைக்காம போட்டிருக்காங்க பாரு, அதுக்குத்தான் நான் கும்பிடு போடுறது. டை கட்டின தம்பி நம்ம வூட்டுல குடுத்துட்டுப் போன புஸ்தகத்துல 29 எந்தப் பக்கம்?

நுங்கம்பாக்கத்துலயும் சும்மா இல்ல. சங்கர நேத்ராலயாவுல எச்.என். மாதவன் கூட்டமும், சாமுவேல் ஆபிரகாமும், ஜப்பான்காரர் யூச்சி மோரியும் சேர்ந்து பனிக்குடமே இல்லாம ஒரு படுகை பாத்தாங்க. மெபியால்னு ஒரு ஜெல்லு. குளிர்ல தண்ணி, சூட்டுல கட்டி. செல்லு வளர்ந்ததும் குளிர வெச்சா தானா உருகி விட்டுடும், சுரண்ட வேணாம். 2006-ல வரப்பு செல்லு அதுல வளருதுன்னு எழுதினாங்க, அப்புறம் முயல் கண்ணுல நட்டும் பாத்தாங்க. முயல்னு ஏன் சொல்றேன்னா, மொதல்ல முயலுக்குப் பாத்துட்டுத்தான் மனுஷனுக்கு வரணும். அந்தப் பொறுமை இருக்கிற எடத்துல நான் கண்ணை மூடிக்கிட்டு கண்ணைக் குடுப்பேன்.

இதுக்கு மேலதான் எனக்குப் பிடிச்ச கூத்து. பத்து வருஷம் நாத்தங்கால் வெச்சுப் பேர் வாங்கின அந்த சங்வான், 2012-ல நாத்தங்காலே வேணாம்னுட்டார். கிள்ளின அந்தத் துணுக்கைப் பொடிப்பொடியா நறுக்கி, கெட்ட கண்ணு மேல பனிக்குடச் சவ்வை விரிச்சு, ரத்தப் பசை வெச்சு அங்கங்க ஒட்டிவிட்டாச்சு. கண்ணே வளர்த்துக்கும். நடவு கிடையாது, நேரடி விதைப்பு! லேபுக்கு ஆவுற செலவு மிச்சம், ரெண்டாவது ஆபரேஷன் மிச்சம். 125 கண்ணு கணக்கு 2016-ல வந்துச்சு, 76 சதம் தேறியிருக்கு. கோடி ரூபா லேபை விட நம்ம உடம்பே நல்ல இன்குபேட்டர்னு ஆயிப்போச்சு. மாடிப் பொண்ணுகிட்ட இதைச் சொல்லி, "அப்ப உனக்கு வேலை போச்சா?"ன்னு கிண்டல் பண்ணேன். அது சிரிச்சிட்டு, "ரெண்டு கண்ணும் வெந்தா எங்கேர்ந்து கிள்ளுவீங்க தாத்தா?"ன்னுச்சு. வாயடைச்சுப் போனேன். அப்பத்தான் லேப் திரும்ப வேணும். ஜப்பான்ல கோஜி நிஷிதா 2004-ல வாய்க்குள்ள இருக்கிற தோலைக் கிள்ளி வளர்த்துக் கண்ணுல வெச்சாரு. இப்ப அவரே, யாரோ ஒருத்தர் ரத்த செல்லைப் பின்னாடி ஓட்டிக் குழந்தை செல்லாக்கி, அதுலேர்ந்து கருவிழித் தோல் வளர்த்து, நாலு பேருக்கு வெச்சுப் பாத்ததை 2024-ல சொல்லியிருக்காரு. நாலே பேர்தான். நாலுன்னு சொல்றாரு, நாலாயிரம்னு சொல்லல.

கொடி ரத்தத்தையும் வளர்க்கிறாங்க, அதையும் சொல்லிடறேன், இல்லாட்டி கிழவன் ஒருபக்கமா பேசினான்னுவ. ஒரு கொடியில இருக்கிற செல்லு பெரிய ஆளுக்குப் பத்தாது; வளர்க்கப் போனா அதுங்க முத்திப்போயி விதைத்தன்மை போயிடும். அதுக்கு ஒரு வைட்டமின் கலந்து முத்தாம பெருக வெச்சு, ரத்தப் புத்துநோய்க்காரங்களுக்கு ஏத்த 2023 ஏப்ரல்ல அமெரிக்காவுல அனுமதி குடுத்தாங்க. ஒமிசர்ஜ்னு பேரு. அதுக்கு எடுக்கிற கொடி யாருது? ஊரான் வீட்டுப் புள்ளையோடது. பொது வங்கிக்குத் தானமா வந்தது. தவணை கட்டிப் பூட்டி வெச்சது இல்ல கண்ணு.

இப்ப விக்கிறவன் பக்கம் வா. முட்டி வலியா, ஸ்டெம் செல். சர்க்கரையா, ஸ்டெம் செல். வழுக்கையா, அதுக்கும். உன் சித்தப்பன் வாட்ஸ்அப்ல அனுப்பினானே ஒரு படம், கெழவி ஒருத்தி ஊசி போட்டுக்கிட்டு மாடிப்படி ஏறுறா. நான் அவனுக்குப் பதில் போட்டேன்: ஊசி போடறதுக்கு முந்தியும் ஏறினாளான்னு கேட்டுச் சொல்லு. நம்ம ஐ.சி.எம்.ஆர். 2017 விதியிலயே, ரத்த வியாதிக்கு எலும்பு மஜ்ஜை, ஸ்டெம் செல் மாத்துறது ஒண்ணுதான் வழக்கமான வைத்தியம், மத்ததெல்லாம் ஆராய்ச்சின்னு போட்டாச்சு. ஆராய்ச்சின்னா நோயாளிகிட்ட காசு வாங்கக் கூடாது. அதுக்கப்புறம் ஒண்ணு ரெண்டுக்கு முறைப்படி அனுமதி கெடைச்சிருக்கு. பெங்களூர்ல ஒரு கம்பெனி, தானம் குடுத்தவங்க எலும்பு மஜ்ஜையிலேர்ந்து செல்லு வளர்த்து, பீடி குடிச்சுக் கால் அழுகுறவங்களுக்குன்னு 2020-ல அனுமதி வாங்கினான். பக்கத்து வூட்டுக் கன்னியப்பனுக்கு அதைச் சொன்னதுதான் தப்பு, "அப்ப பீடி குடிக்கலாமா?"ன்றான்.

ஆட்டிசம் இருக்கிற புள்ளைங்களைப் பெத்தவங்களைத் தேடித் தேடிப் பிடிக்கிறான் பாரு, அவனைத்தான் என்னால மன்னிக்க முடியல. 2022-ல தேசிய மருத்துவ ஆணையத்துப் பக்கத்துலேர்ந்தே, ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் வைத்தியம் பண்ணாதீங்கன்னு சொல்லியாச்சு. அந்தத் தாய் தகப்பன் தாலியை வெச்சாவது கட்டுவான்னு அவனுக்குத் தெரியும். இதுல நையாண்டி பண்ண எனக்கு வாய் வரல. அமெரிக்காவுல புளோரிடாவுல மூணு பொம்பளைங்க, வயசானா வர்ற பார்வைக் கொறைச்சல்னு போனாங்க. வயித்துக் கொழுப்புலேர்ந்து செல்லுன்னு எடுத்து ரெண்டு கண்ணுலயும் ஒரே நாள்ல குத்திட்டான். ஆளுக்கு 5,000 டாலர். மூணு பேருக்கும் கண்ணு போச்சு. 2017-ல டாக்டர் பத்திரிகையிலயே எழுதினாங்க. கண்கெட்ட பின்னால சூரிய நமஸ்காரம்னு சொல்றதைக் காசு குடுத்துக் கத்துக்கிட்டாங்க பாவம். அங்க ஐதராபாத்துல ஒரு கண்ணைச் சரிபண்ண இன்னொரு கண்ணுல ரெண்டு மில்லிமீட்டர் கிள்ளவே அவ்வளவு யோசிச்சாங்க. புளோரிடாவுல ரெண்டு கண்ணையும் ஒரே நாள்ல.

அதனால ராசா, கட்டறதுன்னா கட்டு, ஆத்துல போட்டாலும் அளந்து போடு. ஆனா அதுக்கு முன்னாடி காசே ஆவாத ரெண்டு வேலை இருக்கு, உனக்குப் பிடிக்காது, ரசீது கெடையாது. ஒண்ணு, நம்ம சென்னையிலயே 2009-லேர்ந்து தாத்ரின்னு ஒரு அமைப்பு. ரத்த ஸ்டெம் செல் தானம் குடுக்கிறவங்க பேரை எழுதி வெக்கிறாங்க. கன்னத்து உள்பக்கம் பஞ்சுக் குச்சியால ஒரு தடவு, அவ்வளவுதான். உலகத்துல எங்கியோ ஒரு புள்ளைக்கு உன் செல்லு பொருந்துச்சுன்னா கூப்புடுவாங்க, குடுத்துட்டு வரலாம். நம்ம புள்ளைக்கு ஒண்ணு வந்தாலும் அந்தப் பட்டியல்லதான் தேடுவாங்க, உன் பூட்டு போட்ட டப்பாவுல இல்ல. உன் ஆபீஸ்ல அத்தினி பேர் இருக்கீங்க, சாயந்திரம் டீ குடிக்கிற நேரத்துல முடிஞ்சிடும். எனக்கு வயசு தாண்டிப்போச்சு, இல்லாட்டி மொத ஆளா வாயைத் தொறந்திருப்பேன். சும்மாவே தொறந்துதான் இருக்குன்னு உன் பாட்டி உள்ளேர்ந்து சொல்றா.

ரெண்டாவது, பிரசவம் பாக்கிற டாக்டரம்மாகிட்ட, கொடியை அவசரப்பட்டு வெட்டாதீங்கம்மான்னு சொல்லி வை. ஒரு நிமிஷமாவது பொறுத்து வெட்டணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. அந்தக் கொடியில இருக்கிற ரத்தம் அந்த நேரத்துல புள்ளைக்கே போயிடும், ரத்தசோகை வர்றது கொறையும். பூட்டி வெக்க வேணாம், நைட்ரஜன் வேணாம், போட வேண்டிய எடத்துலயே போட்டாச்சு. டை கட்டின தம்பிக்கு அப்புறம் சொச்சம் கெடைக்குமான்னு நீயே கேட்டுக்கோ.

எந்திரிச்சுட்டியா? கடைப்பக்கம் போறதுன்னா எனக்கு ஒரு கவுளி வெத்தலையும் சுண்ணாம்பும் வாங்கிட்டு வா. சுண்ணாம்பு மூடி போட்ட டப்பாவுல கேளு, அந்தப் பிளாஸ்டிக் பொட்டலம் குடுத்தான்னா வாங்காத. இனிமே இந்த வீட்டுல தவழற புள்ள ஒண்ணு இருக்கப்போகுது.